தலையை நேராக வையுங்கள்

குத்தாயிசியில், வெள்ளைப் பாலத்துக்கு இந்தப் பக்கம்,
சாவி வெட்டும் ஜும்பேருக்கும் ரொட்டிக் கடைக்கும் நடுவே
இரண்டரை மீட்டர் அகலம் என் ஸ்டுடியோ.
பாஸ்போர்ட் படம், விசா படம்,
கல்லறைக் கல்லில் பொறிக்கும் படம்.
மூன்றுக்கும் ஒரே நாற்காலி.

காது தெரியட்டும். பல் தெரியக் கூடாது.
தலையை நேராக வையுங்கள்.
பதினோரு வருடமாக
ஒரு நாளைக்கு முப்பது தடவை சொல்கிறேன்.
இத்தாலிக்கு, கிரீஸுக்கு,
யாரோ வீட்டுக் கிழவரைக் குளிப்பாட்டப் போகும் பெண்கள்
சொன்னபடி நிமிர்கிறார்கள்.
மூச்சையும் அடக்கிக்கொள்கிறார்கள்,
அதை நான் கேட்பதில்லை.

ஜனவரியில் கம்ப்யூட்டர் நிரம்பிவிட்டது.
எதை அழிக்கலாம் என்று துழாவியபோது
‘சோதனை’ என்றொரு ஃபோல்டர்.
திறந்தால்
நான்.

காலையில் விளக்கு சரியா என்று பார்க்க
டைமரை முடுக்கிவிட்டு ஓடி உட்கார்ந்து
எடுத்த கணமே மறந்துபோன படங்கள்.
இரண்டாயிரத்து அறுநூற்றுச் சொச்சம்.
மூக்கின் நிழல் எங்கே விழுகிறது என்று பார்த்திருக்கிறேன்,
மூக்கைப் பார்த்ததில்லை.

ஒரு குளிர்காலம் முழுக்க ஒரே பச்சை ஸ்வெட்டர்.
அப்போது யாரும் சாகவில்லை, பணக்கஷ்டமும் இல்லை,
வெறும் பச்சை ஸ்வெட்டர்.
ஒரு செவ்வாய்க்கிழமை உதட்டோரம் ரொட்டித் துணுக்கு;
அன்றைக்கு எத்தனை பேர் பார்த்திருப்பார்களோ,
ஒருவரும் சொல்லவில்லை.

அம்புக்குறிப் பொத்தானை அழுத்திப் பிடித்தேன்.
வருடங்கள் ஓடின.
ஓடியபோதுதான் கண்ணில் பட்டது:
தலை திரும்புகிறது.
தனிப் படத்தில் ஒன்றுமில்லை,
மணி முள் நகர்வதை யார் பார்த்திருக்கிறார்கள்?
மெல்ல மெல்ல வலது காது முன்னால் வருகிறது.
ஆளில்லாத அறையில்
டைமரின் பீப் ஒலியை
ஒட்டுக்கேட்கிறாள் ஒருத்தி.

பிறகு ஒவ்வொன்றாக வந்து உட்கார்ந்தது.
இடப்பக்கச் சுவரில் ஜும்பேரின் அரைக்கும் சத்தம்
எப்போது என்னை விட்டது?
புது இயந்திரம் வாங்கிவிட்டார் என்றல்லவா நினைத்தேன்.
போய்ப் பார்த்தேன். அதே இயந்திரம்.
கூப்பிட்டால் திரும்பாத திமிர் என்று தெங்கிஸ் சொன்னது.
வலது கையால் படம் எண்ணிக்கொண்டு
போனை இடது காதில் இடுக்கியிருந்த நாளில்
தங்கை நானுலி அழுததைச் சிரிப்பென்று எண்ணி
‘நல்லது, நல்லது’ என்றேனே,
அது.

டாக்டர் கோடு வரைந்து காட்டினார்,
இடது பக்கம் சரிந்து இறங்கும் கோடு.
எனக்கு அதில் புதிதாக ஏதுமில்லை.

அன்று மாலை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு
முதன்முதலாக, விளக்குக்காக இல்லாமல்
நாற்காலியில் உட்கார்ந்தேன்.
தலையை நேராக வைத்து ஒன்று:
யாரோ பெண்மணி. அலுவலகத்துக்குச் சரி.
சிரித்து ஒன்று: அதைவிட மோசம்.
கண்ணாடியில் நான் எப்போதும் முகத்தைத் தயார்செய்து கொண்டு போகிறவள்,
இங்கே பத்து விநாடி அதிகம்,
ஏழாவது விநாடியில் தயாரிப்பு கலைந்துவிடுகிறது.
கழுத்தை அதன் போக்கில் விட்டேன்.
அது போன இடத்தில் நின்றது.
பதினேழாவது படத்தில்
காது முன்னால், கண் பின்னால்,
பதில் வரும் என்று நம்பாமல்
பதிலுக்குக் காத்திருக்கிற முகம்.
அழகில்லை. ஆனால்
இவளிடம் நான் எதையும் விளக்க வேண்டியதில்லை.

பெரிதாக்கிக் கடையின் கண்ணாடியில் மாட்டினேன்,
ஒரு மணப்பெண்ணுக்கும் ஒரு ராணுவக்காரனுக்கும் நடுவில்.

வியாழக்கிழமை விசா படத்துக்கு வந்த பையன்
‘யார் இது?’ என்று கேட்டானாம்,
என் இடப்பக்கம் நின்று.
‘என்ன?’ என்று திரும்பினேன்.
கண்ணாடியைப் பார்த்தான். என்னைப் பார்த்தான்.
மறுபடி கேட்காமல் போய் உட்கார்ந்தான்.

அவன் தலை ஒரு விரற்கடை சாய்ந்திருந்தது.
எதற்காகவோ.
கொஞ்ச நேரம் விட்டுவைத்தேன்.
பிறகு சொன்னேன். விசாவுக்கு
நேராகத்தான் வேண்டும்.